மூலை மேசையில் திறந்திருந்த புத்தகம்

அடையாறில் நான் வேலை பார்த்த படிப்பகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மேசைமேல் புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போனால் அந்த இடம் உங்களுடையது. டீ குடிக்கப் போகலாம், சாப்பிடப் போகலாம், கோயிலுக்குப் போய்விட்டும் வரலாம். வேறு யாரும் அங்கே உட்கார மாட்டார்கள். புத்தகத்தைத் தொடக்கூட மாட்டார்கள். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அதே சட்டம்தான். ஆனால் பஸ்ஸில் துண்டுக்காக அடிதடி நடக்கும். இங்கே சத்தமே வராது. படிப்பகத்தில் சத்தம் போட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இடத்தின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை. சாந்தோம் பக்கத்துக் குடும்பம். கணவர் இறந்த பிறகு கீழே தான் குடியிருந்துகொண்டு, மாடி முழுவதையும் தடுப்புப் பலகை அடித்து, மேசை நாற்காலி போட்டு, பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு விட்டிருந்தார். எல்லாரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் அவருக்கு மூத்த காய்கறிக்காரர்கூட மிஸ் என்பார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஈக்காட்டுத்தாங்கலில் ஏற்றுமதித் துணி தைக்கிற கம்பெனி, பெங்களூரில் ஒரு மெஸ், நடுவில் நிலைக்காமல் போன ஒரு கல்யாணம், பிறகு திருப்பூர், பிறகு மறுபடி சென்னை என்று சுற்றியவள். கஷ்டம் என்று உட்கார்ந்து சொல்ல ஒன்றுமில்லை. சோறு இருந்த நாள் சாப்பிட்டேன், இல்லாத நாள் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். ஒரே கூரையைக் கொஞ்ச நாள் சேர்ந்தாற்போல் பார்த்தால் எனக்கு மூச்சு முட்டும். கிளம்பிவிடுவேன். மிஸ்ஸிடம்தான் அதிகமாகத் தங்கினேன். காலையில் கதவைத் திறப்பது, கூட்டித் துடைப்பது, தண்ணீர்க் கேன் மாற்றுவது, சாயங்காலம் விளக்கை அணைப்பது. இதுதான் வேலை.

அங்கே வருகிறவர்களில் பலவிதம் உண்டு. கணக்காயர் பரீட்சை, குரூப் பரீட்சை, வங்கிப் பரீட்சை, ஏற்கெனவே டாக்டராகிவிட்டு மேலே படிக்க மறுபடி ஒரு பரீட்சை. ஆனால் முகத்தைப் பார்த்தால் எல்லாம் ஒரே வகுப்பு மாதிரி இருக்கும். ஒவ்வொருவருக்கும் வீட்டில் யாரோ ஒருவர் "என்னாச்சு?" என்று கேட்கக் காத்துக்கொண்டிருப்பார்.

இவர்களில் ஒரு பெண் மயிலாப்பூரிலிருந்து வருவாள். சி.ஏ. கடைசிப் பரீட்சை. இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கொஞ்சத்தில் போய்விட்டது. அவளுடைய அம்மா வீட்டிலேயே பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவர். காலையிலும் மாலையிலும் பிள்ளைகள் வந்து பாடிக்கொண்டிருக்குமாம், அதனால் வீட்டில் படிக்க முடியாது என்று இங்கே சேர்ந்தாள். நான் கதவைத் திறக்கும்போதே அவளுடைய அப்பாவின் ஸ்கூட்டர் வந்து நிற்கும். அவர் மாடி ஏறியதே இல்லை. படிக்கிற இடத்துக்குச் செருப்புச் சத்தம் ஆகாது என்பார். சாயங்காலம் மறுபடி வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமல் கேட் பக்கத்தில் நின்று என்னைக் கேட்பார்.

"இன்னிக்கும் நன்னா படிச்சாளோன்னோ?"

"காலையில தொறந்த புக்க மூடவேயில்ல சார்."

நான் சொன்னது பொய் இல்லை. அவள் மேசை, தூணுக்குப் பின்னால், ஜன்னலோரத்து மூலையில் இருந்தது. தடுப்புப் பலகை உயரம். தண்ணீர் பிடிக்கப் போகிறவர்களுக்கு மட்டும் எட்டிப் பார்த்தால் அந்த மேசை தெரியும். காலையில் விரித்த புத்தகம் சாயங்காலம்வரை விரித்தபடி இருக்கும். நாற்காலி காலியாக இருந்தால், டீக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். காலையில் பார்த்தவனும் அப்படித்தான் நினைத்தான், மதியம் பார்த்தவளும் அப்படித்தான் நினைத்தாள். இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. பேசக்கூடாத இடம். போதாததற்கு மிஸ் மதியத்துக்கு மேல்தான் ஏசி போட விடுவார். அதுவரை மின்விசிறி. அந்தக் காற்றில் புத்தகம் தானாகப் பக்கம் திரும்பிக்கொள்ளும். காலையில் ஒரு பக்கம் இருந்தது, இப்போது எங்கேயோ போய்விட்டது, அக்கா பறக்கிறாள் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

இப்படியாக, அந்தப் பெண் படிப்பகத்தின் பெருமை ஆகிவிட்டாள். ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து குரூப் பரீட்சைக்குப் படிக்க வரும் தம்பி ஒருவன் இருந்தான். அப்பா லேத் பட்டறையில் வேலை. வாய் ஓயாது, அதனால் அவனை மிஸ் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தார். கேன் தூக்க எனக்கு ஒரு கை கொடுத்துக்கொண்டே சொல்வான்:

"அந்தக் கார்னர் டேபிள் அக்கா கீதே, அது மனுசியே இல்லக்கா. பாத்ரூமுக்குப் போனாக்கூட புக்க காவலுக்கு வெச்சிட்டுப் போவுது. நாமெல்லாம் எங்க பாஸாவறது?"

சிரித்துக்கொண்டேதான் சொல்வான். போய் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்க மாட்டான்.

வாரத்தில் ஒரு மதியம் எனக்கு விடுமுறை. அன்றைக்கு நான் எங்கேயாவது போவேன். காரியம் எதுவும் இருக்காது. கஸ்தூர்பா நகர் ஸ்டேஷனில் ஏறி, வேளச்சேரிவரை போய், திரும்பி மறுமுனைவரை போய், மறுபடி வருவேன். பறக்கும் ரயில் என்று பெயர்தானே தவிர ஆட்டிக்கொண்டுதான் போகும். மேலிருந்து பார்த்தால் மொட்டைமாடிகளில் காய்கிற துணி, கால்வாய், பெரிய கம்பெனிக் கண்ணாடிக் கட்டடங்கள் எல்லாம் ஒரே வரிசையில் வரும். எனக்கு அது போதும்.

அப்படி ஒரு மதியம் பெண்கள் பெட்டியில் ஏறியபோது, எதிர் வரிசை ஜன்னலில் தலையைச் சாய்த்து அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு சின்னப் பர்ஸ், அவ்வளவுதான். நான் அன்று கிளம்புமுன் அவள் மேசையைத் தாண்டித்தான் வந்தேன். புத்தகம் திறந்திருந்தது. பேனா மூடி கழன்றிருந்தது. பை நாற்காலியில் இருந்தது. டீக்குப் போயிருக்கிறாள் என்று நானும்தான் நினைத்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. வேளச்சேரி வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை. பெட்டியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"பாப்பா, ஸ்டேஷன் வந்திடுச்சு."

திடுக்கிட்டுத் திரும்பினாள். "அக்கா... நான் ஒரு வேலையா வந்தேன்."

"நான் வேலையில்லாம வந்தேன். கொஞ்சம் நகரு, உக்காந்துக்கறேன்."

வண்டி திரும்பக் கிளம்பியது. தரமணி போனது, திருவான்மியூர் போனது. எனக்குக் கேள்வி கேட்கிற பழக்கம் குறைவு. என்னை நிறையப் பேர் நிறையக் கேட்டிருக்கிறார்கள், அதனால் இருக்கலாம். எங்கள் ஸ்டேஷன் வந்தபோது அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுந்திருக்கவில்லை. வண்டி நகர்ந்த பிறகு சொன்னாள்:

"மிஸ்கிட்ட சொல்லிடாதீங்கோ அக்கா."

"என்னத்தச் சொல்ல? ரயில்ல போனேன்னா? நானுந்தான் போறேன்."

"நான் தெனமும் போறேன்."

பிறகு அவளே சொல்ல ஆரம்பித்தாள். புத்தகத்தை விரித்தால் எழுத்து எல்லாம் எறும்பு மாதிரி நகர்கிறதாம். கை சில்லிட்டுப்போய், நெஞ்சு அடைக்கிறதாம். ஒருநாள் தாங்க முடியாமல், கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று புத்தகத்தை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனாள். நடந்து நடந்து ஸ்டேஷனுக்கு வந்து, ரயிலில் ஏறிவிட்டாள். திரும்பி வந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் இன்னும் சீக்கிரம் போனாள். அதற்கடுத்த நாள் பையை வைத்ததும் கிளம்பிவிட்டாள். ரயிலில் போவாள், அலுத்தால் இறங்கி மெரினாவில் உட்காருவாள். அப்பா வருவதற்குள் வந்து, புத்தகத்தை மூடி, பையை மாட்டிக்கொண்டு கீழே இறங்குவாள்.

"யாராவது கேப்பான்னு நெனச்சேன் அக்கா. கேக்கலை. மொதல்ல அது நிம்மதியா இருந்தது. அப்புறம் அதுவே பயமா ஆயிடுத்து. நான் அங்க இல்லவே இல்லைன்னாலும் எல்லாம் நன்னாத்தான் நடக்கறது பாருங்கோ."

"ராத்திரி தூங்குறியா?"

"தூங்கி எவ்வளவோ நாளாச்சு. விடியக்காலம் கொஞ்சம் கண்ணு சொருகும். அப்போ, எழுந்துக்காமலே இருந்துட்டா தேவலைன்னு தோணும்."

சுற்றி வளைத்துக் கேட்க எனக்குத் தெரியாது. நேராகவே கேட்டேன்.

"செத்துப் போயிடணும்னு நெனப்பு வருதா பாப்பா?"

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. ரொம்ப நேரம் இறுக்கிப் பிடித்திருந்த தோளைத் தளர்த்தினாள்.

"தெரியலை அக்கா. செய்யணும்னு ஒண்ணும் யோசிக்கலை. எல்லாம் ஒரு தடவை நின்னா போறும்னு இருக்கு."

"சரி. இன்னிக்கு உன்னைத் தனியா விடறதா இல்ல. நீ திட்டுனாலும் சரி. எனக்கு வைத்தியம் தெரியாது, உன் பாடமும் தெரியாது. கூட உக்கார மட்டுந்தான் தெரியும். யார்கிட்டயாச்சும் சொல்லணும். யார்கிட்ட சொல்லலாம்?"

"அப்பாட்ட முடியாது." உடனே சொன்னாள். "மாட வீதியில எதிர்ல வரவா எல்லாரும், பொண்ணு எப்போ சி.ஏ. ஆகப் போறான்னு கேக்கறா. அப்பா சிரிச்சுண்டே இந்தத் தடவை ஆயிடும்கறார். அந்தச் சிரிப்பு இருக்கே, அதைத்தான் என்னால..."

முடிக்காமல் அழுதாள். நான் முந்தானையைக் கொடுத்தேன். ஏதோ ஸ்டேஷனில் பூக்கூடையோடு ஏறிய அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, "மாமியார் கொடுமையா?" என்று கேட்டார். "இல்லம்மா, பரீட்சை கொடுமை" என்றேன். "அது அதவிட மோசமாச்சே" என்று சொல்லிவிட்டு ஒரு முழம் பூவைக் கிள்ளி அவள் மடியில் போட்டார். அந்தப் பெண் அழுகையிலேயே சிரித்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அதுதான்.

கடைசியில் மிஸ்ஸிடம் சொல்லலாம் என்று அவளே முடிவுக்கு வந்தாள். சொல்லவேண்டாம் என்று கெஞ்சியவளும் அவள்தான். மறுமுனைவரை போய்த் திரும்பி, கஸ்தூர்பா நகரில் இறங்கி, நடந்து வந்தோம். கேட் வந்ததும் நின்றுவிட்டாள். நானும் நின்றேன். கொஞ்சம் பொறுத்து அவளே கேட்டைத் திறந்தாள்.

மிஸ் முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். என்னிடம் சொன்னதைவிட ஒழுங்காகச் சொன்னாள். மிஸ் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "சரிம்மா. இன்னும் எத்தனை பேப்பர் பாக்கி? ஒரு டைம்டேபிள் போட்டா..." என்று ஆரம்பித்துத் தானே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பாத்தியா, வாத்தியார் வாய். எது நடந்தாலும் டைம்டேபிள் போடும். அதை விடு. நீ வந்து உட்காரு முதல்ல."

அவருடைய பழைய மாணவி ஒருவர் மந்தைவெளியில் மனநல மருத்துவராக இருந்தார். மிஸ் அவருக்குப் போன் போட்டார். பெண்ணையும் பேச வைத்தார். டாக்டர் அவளோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, மறுநாள் காலையில் முதல் ஆளாக வரச் சொன்னார். இன்றைக்குத் தனியாக இருக்க வேண்டாம், வீட்டில் யாருக்காவது கட்டாயம் தெரிய வேண்டும், ராத்திரி மோசமாகத் தோன்றினால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்றும் சொன்னார்.

வீட்டில் என்றால் அப்பா. அவர் வர இன்னும் நேரம் இருந்தது. அந்தப் பெண் மிஸ்ஸின் நாற்காலியில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது மாடியிலிருந்து ஈக்காட்டுத்தாங்கல் தம்பி தடதடவென்று இறங்கி வந்தான்.

"அக்கா, கேன் காலியாயிட்ச்சு. மேல எல்லாம் நாக்கு வறண்டு..." என்று வந்தவன் அவளைப் பார்த்து நின்றுவிட்டான். மாடியைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான்.

"இன்னாக்கா, நீ கீழ கீற? இப்பத்தான் மேல உன் புக்கப் பாத்துட்டு வரேன். அப்போ அங்க யாரு படிச்சிகினு கீறது?"

"ஃபேன்" என்றாள் அவள்.

அவனுக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "நான் படிக்கலை. கொஞ்ச நாளாவே புஸ்தகம் மட்டுந்தான் வந்து போயிண்டிருக்கு. நான் ரயில்ல இருக்கேன்."

அவன் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"அடப் போக்கா! உன்னப் பாத்து நான் மத்தியானம் சோத்துக்கு எழுந்துக்காம குந்திகினு இருந்தேனே! எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும், கை வேர்க்கும். எழுந்து ஓடிடலாம்னு இருக்கும். அந்த அக்காவே எழுந்துக்கல, நீ எதுக்குடா எழுந்துக்கறன்னு என்னியே திட்டிகினு உக்காந்துப்பேன்!"

மிஸ் அவன் பக்கம் திரும்பினார். "உனக்குமா? எப்போதிலிருந்து?"

"எனக்கு மட்டுமா மிஸ்? மேல போய் ஒவ்வொருத்தனையா எழுப்பிக் கேளு. எல்லாம் இந்தக் கேஸ்தான். யாரு மொதல்ல வாயத் தொறக்கறதுன்னு குந்திகினு கீறோம்."

அவன் சொன்னதைக் கேட்டு அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. அவனும் சிரித்தான். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "இன்னிக்கு இன்னா சாப்ட்ட?" என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்றாள். அவன் கேனை மறந்துவிட்டு வெளியே ஓடி, முனைக் கடையில் சூடாகப் போட்டிருந்த வாழைக்காய் பஜ்ஜியைப் பொட்டலமாக வாங்கிவந்தான். எண்ணெய்க் கையோடு மூன்று பேரும் தின்றோம். மிஸ் மட்டும் தட்டு எடுத்து வந்து தின்றார்.

வெளிச்சம் இருக்கும்போதே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அவள் கையிலிருந்த பஜ்ஜியைப் பொட்டலத்திலேயே வைத்தாள்.

"நீங்க சொல்லிடுங்கோ மிஸ்."

"நீ சொல்லு. நான் பக்கத்திலேயே நிற்கிறேன். உன்னால முடியாமப் போனா, அந்த இடத்திலிருந்து நான் சொல்றேன்."

நான் போய் அவரை உள்ளே கூப்பிட்டேன். செருப்பைக் கழற்றினார், ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அதோடேயே முன்னறைக்கு வந்து, மகள் கண் சிவந்திருப்பதைப் பார்த்தார்.

"என்னம்மா? ஹால் டிக்கெட்ல ஏதாவது தப்பா?"

அவளுக்கு அதுதான் வழி திறந்துவிட்டது என்று நினைக்கிறேன். "ஹால் டிக்கெட் சரியாத்தான் இருக்கு அப்பா. எனக்குத்தான் எழுத முடியாது" என்றாள்.

"இன்னும் கொஞ்ச நாள்தானே கொழந்தே. பல்லைக் கடிச்சுண்டு எழுதிடு. அப்புறம் நன்னா ரெஸ்ட் எடுத்துக்கோ. ரிசல்ட் எப்படி வந்தாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அவள் திரும்பவும் சுருங்கிப்போவது எனக்குத் தெரிந்தது. மிஸ் வாயைத் திறக்கப் போனார். அதற்குள் அவளே பேசிவிட்டாள்.

"அப்பா, நான் ராத்திரி தூங்கறதே இல்லை. காலைல எழுந்துக்கவே வேண்டாம்னு தோணறது. தெனமும் தோணறது. நீங்க கொண்டு விட்டுட்டுப் போனப்புறம் நான் இங்க இருக்கறதில்லை. ரயில்ல போயிண்டே இருக்கேன்."

தெருவில் குப்பை வண்டியின் பாட்டுச் சத்தம் கேட்டுப் போயிற்று. பிறகுதான் அவர் ஹெல்மெட்டின் பட்டையைத் தேடினார். விரல் நடுங்கியதில் கொக்கி கழலவில்லை. ஈக்காட்டுத்தாங்கல் தம்பி போய், "இரு சார்" என்று கழற்றிவிட்டான். அவருடைய முகத்தை நான் முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான். மகளின் முகம் அப்படியே இருந்தது.

"எழுத வேண்டாம்" என்றார். "இந்தத் தடவை வேண்டாம். எப்பவும் வேண்டாம்னாலும் சரி. டாக்டர்ட்ட யாராவது பேசியிருக்கேளா?"

மிஸ் சொன்னார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மகள் பக்கத்தில் போய் நின்றார். கட்டிக்கொள்கிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை போலிருக்கிறது. மேலிருந்து நான் எடுத்துவந்து வைத்திருந்த அவளுடைய பையைத் தூக்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நான் மாட வீதில போறவாள்ட்டெல்லாம் பெருமை பேசிண்டு... போறும். இனிமே யாராவது கேட்டா, அவ தூங்கறான்னு சொல்லிடறேன்."

அவரை ஸ்கூட்டர் ஓட்ட மிஸ் விடவில்லை. கை நடுங்குகிற ஆள் பெண்ணைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அடையாறு பாலத்தைத் தாண்ட வேண்டாம் என்று ஆட்டோ வைத்து அனுப்பினார். ஆட்டோ திரும்பும்வரை தெருவில் நின்றிருந்துவிட்டு உள்ளே வந்து, "காபி போடட்டுமா, நீ போடறியா?" என்று என்னைக் கேட்டார். நான் போட்டேன்.

ஸ்கூட்டர் எங்கள் கேட்டுக்குள்ளேயே நின்றது. இரண்டாம் நாள் அவளுடைய அப்பா அதை எடுக்க வந்தபோது விஷயம் தெரிந்தது. டாக்டர் நிறைய நேரம் பேசினாராம். மாத்திரை கொடுத்தாராம், வாரா வாரம் வரச் சொன்னாராம், புத்தகத்தைக் கண்ணில் படாமல் எடுத்துவைக்கச் சொன்னாராம். அம்மா அவள் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறாராம். "உடனே சரியாயிடும்னு சொல்லலை. ஆனா சரியாகும்னு சொன்னா" என்றார் அப்பா. அதைச் சொல்லும்போது அவர் முகத்திலும் தூங்கி எழுந்த தெளிவு கொஞ்சம் தெரிந்தது.

மிஸ் அந்தப் பெண்ணிடம் போனில் கேட்டார், மற்றவர்களிடம் சொல்லலாமா என்று. புத்தகத்தைப் பற்றி மட்டும் சொல்லுங்கள் என்றாளாம். அன்று நாலு மணிக்கு மிஸ் எல்லாரையும் மொட்டைமாடிக்கு வரச் சொல்லி, மூலை மேசையில் இவ்வளவு நாளும் புத்தகம்தான் இருந்தது, ஆள் இல்லை என்று சொன்னார். டாக்டர் மேற்படிப்புக்குப் படிக்கிற பெண் ஒருத்தி, "அப்போ பக்கம் திரும்பினது?" என்றாள். "ஃபேன்" என்றான் ஈக்காட்டுத்தாங்கல் தம்பி. அவ்வளவுதான். மாடியே அதிர்கிற மாதிரி சிரித்தார்கள். ஒருவன் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். எத்தனை பேர் அந்தப் புத்தகத்தோடு ஓட்டப்பந்தயம் ஓடியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சிரித்து முடித்த பிறகு பேச்சு வந்தது. ஒருத்திக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. இன்னொருவன் வீட்டுப் போனை எடுப்பதே இல்லை. மிஸ் குறுக்கே பேசாமல் கேட்டார். அந்தக் கூட்டத்திலிருந்து இரண்டு பேர் பிறகு அதே மந்தைவெளி டாக்டரிடம் போனார்கள். ஈக்காட்டுத்தாங்கல் தம்பி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனான். இதயத்தில் ஒன்றும் இல்லை, பயம்தான் என்று சொல்லி, மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தார்களாம். "இத்தினி வருசமா நான் மூச்சே தப்பா வுட்டுகினு இருந்திருக்கேன்க்கா" என்றான்.

புது வழக்கம் ஒன்றும் வந்தது. வெளியே போகிறவர் பக்கத்து ஆளிடம் எங்கே என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். நாற்காலி ரொம்ப நேரம் காலியாக இருந்தால் பக்கத்து ஆள் போய்த் தேட வேண்டும்.

"தேடிப் போனா கடிப்பாங்க மிஸ்" என்றான் ஈக்காட்டுத்தாங்கல் தம்பி.

"கடிக்கட்டும்."

முதல் சில நாள் பெரிய தொல்லையாக இருந்தது. எழுந்தாலே நாலு பேர் "எங்க?" என்றார்கள். பொறுக்காத ஒருவன் தன் நாற்காலி முதுகில் "பாத்ரூம்" என்று எழுதி ஒட்டிவிட்டே போனான். அவனையும் தேடிக்கொண்டு இரண்டு பேர் போனார்கள். நாலு மணிக்கு மொட்டைமாடியில் டீ என்பது நிலைத்துவிட்டது. அந்த நேரத்தில் பாடம் பேசினால் டீ கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொன்னார். படிப்பகத்தைப் பற்றி அப்படி ஒரு புகார் வந்ததில் மிஸ்ஸுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

பரீட்சை நாள் வந்தது. மதியம்தான் பரீட்சை. சி.ஏ. எழுதுகிற மற்றவர்கள் காலையிலேயே வந்து, பையை எடுத்துக்கொண்டு, மிஸ்ஸிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் கீழ் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மிஸ்ஸின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். மயிலாப்பூர் அப்பா, ரகசியம் பேசுகிற குரலில் பேசினார்.

"மிஸ், நான்தான். அவ இன்னும் தூங்கறா. மணி பத்தாகப் போறது. போன தடவையெல்லாம் இந்த நாள்ல நாலு மணிக்கே எழுந்து ஒக்காந்துண்டிருப்பா. பழக்கதோஷம், எனக்குக் கை பரபரங்கறது. எழுப்பட்டுமா?"

மிஸ் துடைக்கிற துணியோடு நின்ற என்னைப் பார்த்தார். "மூச்சு சீரா வருதா சார்?"

"ரெண்டு மூணு தடவை போய்ப் பாத்துட்டேன். கொறட்டை கூட விடறா."

"அப்ப எழுப்பாதீங்க."

"எழுப்பலை" என்றார் உடனே. "நீங்க சொல்லணும்னுதான் போன் பண்ணேன்."

நான் படிக்கட்டுவரை துடைத்து முடிப்பதற்குள் மறுபடி போன். இந்தத் தடவை ரகசியக் குரல் இல்லை.

"எழுந்துட்டா! என்னைத் திட்டறா! ஏம்ப்பா கதவுகிட்டயே நிக்கறேள், தூங்க விட மாட்டேளாங்கறா. பசிக்கறதாம். அவ அம்மா தோசை வார்த்துண்டிருக்கா." பின்னால் தோசைக்கல் சத்தமும், "யார்ட்டப்பா சொல்லிண்டிருக்கேள், வைங்கோ போனை" என்று அவளுடைய அதட்டலும் கேட்டன.

மிஸ் போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மாடிக்குப் போய் ஈக்காட்டுத்தாங்கல் தம்பியிடம் சொன்னேன். பேசக்கூடாத நேரம். அவன் காதருகே குனிந்துதான் சொன்னேன்.

"கொறட்டையா?" என்று அவன் உரக்கவே கேட்டுவிட்டான். ஹாலே திரும்பிப் பார்த்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. அக்கா தூங்கிட்ச்சாம். நீங்க படிங்க."